என் தங்கை துப்பாக்கி வாங்கப் போன கதை

1

முதலில் சத்தம். அடுத்த மூச்சில் மணம்.

துபாயின் தேராப் பகுதியில், ரம்ஜான் நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் பீரங்கி வெடித்ததும், திடலைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்த புறாக்கள் ஒரே துணியை உதறியதுபோல மேலே எழுந்தன. புகை அவசரமில்லாமல் எங்கள் பக்கம் வந்தது. கந்தகமும் கரியும் கலந்த காரமான புகை. பக்கத்தில் நின்ற பாகிஸ்தானிப் பெரியவர் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். என் தங்கை கலா மட்டும் கண்ணை அகலத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தாள்.

"அண்ணே, கருமருந்து" என்றாள், தெரிந்த ஆளைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவள்போல.

எத்தனையோ நோன்பு மாதங்களை இந்த ஊரில் கழித்திருக்கிறேன். பீரங்கி என்பது எனக்கு டிராஃபிக் குறையும் நேரத்தின் அடையாளம், அவ்வளவுதான். அவள் சொன்ன பிறகுதான் அந்த மணம் என் மண்டைக்குள் போய்க் கதவைத் தட்டியது. நாங்கள் கல்வராயன் மலையடிவாரத்துக்காரர்கள். சின்ன வயதில் சாமை முற்றும் காலத்தில் மேலேயிருந்து 'டுப்' என்று ஒரு சத்தம் இறங்கி வரும். "மேல பன்னி விழுந்துடுச்சு" என்பார் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல். பன்றிதான் விழுந்ததா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பீரங்கியை வெடிக்க வைத்தவர்கள் போலீஸ்காரர்கள். இந்த ஊரில் அது அவர்கள் வேலை. மடிப்புக் கலையாத சீருடையில் நின்ற அவர்களில் ஒருத்தி பெண். கலா நேராக அவளிடம் போய், நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, "மீ போலீஸ். தமிழ்நாடு. ஏட்டு" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஏட்டு புரிந்திருக்காது. ஆனால் என் தங்கை நின்ற நிலை புரிந்தது. சிரித்துக்கொண்டே தன் பக்கத்தில் இடம்விட்டு நின்றாள். நான்தான் படம் எடுத்தேன். பெருமையில் அவசரப்பட்டால் படம் கலங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

2

கலா இங்கே வந்து சேர்ந்ததே ஒரு வழக்கு நடத்திய மாதிரி. அரசு ஊழியர் வெளிநாடு போக வேண்டுமென்றால் துறையிடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். அவள் மனு ஸ்டேஷனிலிருந்து கிளம்பி, மாவட்ட அலுவலகத்தில் ஓய்வெடுத்து, கையெழுத்துப் போட வேண்டியவர் மாறுதலாகிப் போய், புதியவர் "எதற்காக துபாய்?" என்று ஓரத்தில் எழுதி, மறுபடி கீழே இறங்கி வந்தது. "அண்ணனைப் பார்க்க" என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அண்ணன் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஒருவன் அண்ணன் என்பதை எந்தத் தாளால் நிரூபிப்பது?

இவ்வளவும் தாண்டி விமான நிலையத்தில் வந்து நின்றவளிடம், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி, "வாட் ஒர்க்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இவள் யோசிக்கவே இல்லையாம்.

"தோட்டம். ஹஸ்பண்ட் எஸ்டேட். பன்னித் தொல்லை."

வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாய் பழகிப்போச்சு அண்ணே! யாராச்சும் மொறைச்சு நீ யாருன்னு கேட்டா, எஸ்டேட்காரன் பொண்டாட்டின்னுதான் வருது. நல்லவேளை, பன்னின்னது அவருக்குப் புரியல. ஸ்டாம்ப் அடிச்சு யல்லா, கெளம்புன்னுட்டாரு."

அந்த எஸ்டேட்காரர் மனைவி யார் என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். சில காலமாகக் கலா ஒரு தனிப்படையில் இருந்தாள். கள்ளத்துப்பாக்கி விற்பவர்களிடம் வாங்குபவளாகப் போவது அவள் வேலை. பட்டுச்சேலை, கவரிங் சங்கிலி, வாடகைக் கார், டிரைவராக நடிக்கும் ஒரு எஸ்.ஐ. பிறகு அதிலிருந்து விலகி சாதாரணக் காக்கிக்குத் திரும்பிவிட்டாள். இப்போது அந்தப் படையின் டி.எஸ்.பி. மறுபடியும் கூப்பிடுகிறார். மலைத்துப்பாக்கி இல்லை இந்தத் தடவை. கீழே ஊர்களில் ரவுடிகளுக்குக் கைத்துப்பாக்கி விற்கும் ஒரு புரோக்கர். "லீவு முடிஞ்சு வரும்போது பதில் சொல்லும்மா" என்று அனுப்பியிருக்கிறார்.

"நீ என்ன சொல்லப் போற?" என்றேன்.

"அதுக்குத்தானே அண்ணே இங்க வந்தேன். அங்க இருந்தா எல்லாரும் ஐடியா குடுப்பாங்க."

3

நான் வேலை பார்ப்பது தேராவில் ஒரு இரும்புச் சாமான் கடையில். ஒருநாள் மதியம் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். நோன்புக்காலம், கடைத்தெரு பாதித் தூக்கத்தில் இருந்தது. அலமாரியில் பேரிங் உருண்டைகள் டப்பா டப்பாவாக இருக்கும். கலா ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"இதத்தான் அண்ணே பால்ரஸ்னு துப்பாக்கிக் குழலுக்குள்ள போட்டு இடிக்கிறாங்க. இந்த சைஸ் பன்னிக்கு. இது முயலுக்கு."

என் பக்கத்து மேசைக் கணக்கர், கொல்லத்துக்காரர், மெதுவாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

டப்பாவை மூடிவிட்டு அவள் சொன்ன கதை இது.

மலையில் தும்பைக்காடு என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கொல்லர், நாட்டுத்துப்பாக்கி செய்வதில் கைதேர்ந்தவர். ஒருநாள் காட்டில் சுள்ளி பொறுக்கக் குனிந்த பெண்ணைப் பன்றியென்று நினைத்து யாரோ சுட்டுவிட்டார்கள். அவள் அந்த இடத்திலேயே உயிரை விட்டாள். பிடிபட்ட குழல் அந்தக் கொல்லர் பட்டறைச் சரக்கு. ஆனால் சாட்சி சொல்ல மலையில் ஒருவரும் இல்லை. அதனால்தான் எஸ்டேட்காரர் மனைவி காரில் ஏறினாள்.

"முதல் தடவ போனப்ப அந்தாளு துப்பாக்கின்ற பேச்சையே எடுக்கல. மண்வெட்டி செய்வேன், அருவா செய்வேன்னாரு. ரெண்டாந்தடவ போனேன். அவரு சம்சாரம் இலையப் போட்டுச்சு. மலையில அப்படித்தான் அண்ணே, சோத்துல கை வெக்காதவங்ககிட்ட அவங்க யாவாரம் பேச மாட்டாங்க. வேணாம்னா சந்தேகம் வந்துரும். சாமச்சோறு, மொச்சக்கொழம்பு. உண்மையச் சொல்றேன், அப்படி ஒரு ருசி. ரெண்டாம் சோறு வாங்கித் தின்னேன். தின்னு முடிச்சு கை கழுவுறதுக்குள்ள அவரு பரண்ல இருந்து குழல எடுத்து வந்துட்டாரு."

"அப்பவே பிடிச்சிட்டீங்களா?"

"இல்ல. பேசி முடிச்சிட்டுக் கெளம்பினேன். 'போயிட்டு வரேம்மா'ன்னு அந்த அம்மாகிட்ட சொன்னேன். பாத்து வாம்மான்னுச்சு. மறுநாள் டீமோட வந்தேன்."

வெளியே ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது. நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். தும்பைக்காடு. கொல்லர். சாரத்துக்கு கிளாம்ப் வாங்க கம்பெனி ஃபோர்மனோடு இதே கடைக்கு வரும் சடையன். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருப்பவன், சாரம் கட்டுபவன், என் பேச்சைக் கேட்டதும் "சார் நம்ம பக்கமா?" என்று ஒட்டிக்கொண்டவன். தும்பைக்காட்டுக் கொல்லரான தன் அப்பாவைப் போலீஸ் பிடித்ததையும், ஜாமீனில் வந்து தினமும் மலையிறங்கி ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதையும் என்னிடம் சொல்லியிருக்கிறான். "ஒரு பொம்பள வந்து ஏமாத்திட்டா சார்" என்று மட்டும் சொன்னான்.

கலாவிடம் சொன்னேன். அவள் முகம் ஒரு நொடி காவல் நிலையம்போல ஆனது. பிறகு கலைந்தது.

"கூப்பிடு அண்ணே அவர."

"வேணாம்மா. எதுக்கு?"

"டி.எஸ்.பி.க்குப் பதில் சொல்லணும்ல நான்? அவர்கிட்ட கேக்காம யார்கிட்ட கேக்கறது?"

4

என் மகள் யாழினி பத்தாம் வகுப்பு. இங்கே பிறந்தவள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். தமிழ், எங்கள் வீட்டில், ஒருவழிப் பாதை. அத்தை வருகிறாள் என்றதும் "ஓகே" என்றவள், அத்தை என்ன வேலை பார்த்தாள் என்று தெரிந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டாள். அவள் பள்ளியில் விவாதப் போட்டி. போலீஸ்காரர்கள் வேஷம் போட்டுப் பொறி வைப்பது நியாயமா என்பதுதான் தலைப்பாகக் கொடுக்கப் போகிறேன் என்றாள்.

"அத்தை, பட் இட்ஸ் லையிங், ரைட்? போலீஸே பொய் சொன்னா?"

"ஆமாண்டி, பொய்தான். எங்க ஆளு எவனும் கோயில்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டா போறான்?"

"நீங்க போய்க் கேக்கலன்னா அவர் அன்னைக்கு வித்திருக்கவே மாட்டாரே. யூ மேட் ஹிம் டூ இட்."

கலா வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். என் மனைவி வசந்தி குறுக்கே வந்தாள். "அத்தை கேக்கலன்னா மறுநாள் வேற ஒருத்தன் கேட்டிருப்பான், துப்பாக்கி அவன் கையில கெடச்சிருக்கும். அதையும் எழுதிக்கடி."

யாழினி எழுதிக்கொண்டாள். கருமருந்து, பரண், உலை, ஜாமீன். அந்த வாரம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்ட தமிழ்ச் சொற்களை இத்தனை வருடத்தில் நான் கெஞ்சியும் ஊட்ட முடிந்ததில்லை. என் பெண் தன் மொழிக்குள் துப்பாக்கி வழியாக நுழைவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நுழைந்தால் சரி.

நானும் என் பங்குக்கு யோசித்தேன். அக்கரையில் இருக்கும் பர் துபாய்க்குப் படகில் போகும்போது யோசித்தேன், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது யோசித்தேன். இந்த ஊரில் சாதாரண உடையில் போலீஸ் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பேருந்தில் பக்கத்து இருக்கையில் தூங்குகிறவர் சி.ஐ.டி.யாக இருக்கலாம் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வோம். அந்த விளையாட்டுக்குக் கீழே ஒரு நிம்மதியும் இருக்கிறது: என் மகள் மாலை டியூஷன் முடித்துத் தனியாக நடந்து வருகிறாள். ஆனால் நாங்கள் இங்கே வந்துபோகிறவர்கள். ஒருவரையொருவர் நம்பாமலும் எங்களால் வாழ முடியும். மலையில் அப்படி முடியாதே. அங்கே கதவுக்குப் பூட்டே கிடையாது. பூட்டு இல்லாத ஊரில் பொய் சொல்லி நுழைவது சுலபம். நுழைந்தவர் திரும்பிப் போன பிறகு அந்த ஊர் பூட்டு வாங்கப் போகிறதே, அந்தச் செலவை எந்தத் துறை எழுதிக்கொள்ளும்?

இதையெல்லாம் கலாவிடம் சொன்னேன். "கவித மாதிரி இருக்கு அண்ணே. இது சுட்டவனப் பிடிக்குமா?" என்றாள்.

5

ஞாயிறு மாலை சடையன் வந்தான். யாரைப் பார்க்கக் கூப்பிடுகிறேன் என்பதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை, போனிலேயே சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு, "வரேன் சார்" என்று வைத்தான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. செருப்பை வாசலில் நேராக அடுக்கி வைத்துவிட்டு வந்தான்.

கலா எழுந்து நின்றாள். வணக்கம் சொன்னாள். அவன் சொல்லவில்லை.

"சங்கிலி இல்லாம அடையாளமே தெரியலன்னு எங்கம்மா சொல்லும் மேடம், உங்கள இப்படிப் பாத்தா."

"அது கவரிங்" என்றாள் கலா.

"எங்கப்பன் குழல் கவரிங் இல்லீங்க. அது அசலு."

வசந்தி அவசரமாக இலை போட்டாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். அவன் உட்கார்ந்தான், ஆனால் கை நீளவில்லை. "நோன்பா தம்பி?" என்று வசந்தி சிரிக்கப் பார்த்தாள். "வயிறு சரியில்லக்கா" என்றான். நாங்கள் எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கலாதான் பேச்சைத் தொடங்கினாள். "ஆமா. உங்க வீட்டுல தின்னேன். ரெண்டாந்தடவ வாங்கித் தின்னேன். மறுநாள் உங்கப்பாவுக்கு விலங்கு போட்டதும் நாந்தான். அதுக்காக நான் மன்னிப்புக் கேக்க முடியாது தம்பி. சுள்ளி பொறுக்கப் போனாளே ஒருத்தி, அவள ஆசுபத்திரிப் பொணக்கெடங்குல நான் பாத்தேன். துணியப் போத்துனது நானு."

"அவங்க எங்க சித்தி மொற" என்றான் சடையன்.

கலாவுக்கு அது தெரியாது. அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பொணத்த தூக்கிட்டு வந்ததுல நானும் ஒரு ஆளு. அப்ப லீவுல ஊர்ல இருந்தேன். அதுக்கப்புறமும் எங்கப்பன் உலை மூட்டுனாரு. பண்ணாதப்பான்னு சொன்னேன். பயிரத் திங்கிற பன்னி உன் வயித்துக்குச் சோறு போடுமான்னாரு. எனக்கு அது வெக்கம் மேடம். பிடிச்சது தப்புன்னு நான் சொல்ல வரல."

"பின்ன?"

"சோறு தின்னுட்டுப் பிடிச்சதுதான்." அவன் குரல் உயரவே இல்லை. "எங்கம்மா இப்ப வெளியாளு யாருக்கும் இலை போடுறதில்ல. ஊசி போட வர்ற நர்சம்மா வந்தாங்களாம். வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிடுச்சு. அந்த நர்சு தாகத்துக்குத் தண்ணி கேட்டதுக்கு, 'ஒருத்தி போயிட்டு வரேன்னா, சொன்னபடியே வந்தா'ன்னு கதவ சாத்திடுச்சாம். எங்கம்மா அப்படி இல்ல மேடம். மலையேறி வர்ற ஆட்டுத் தரகருக்குக்கூட சோறு போட்ட பொம்பள. நீங்க எடுத்துட்டுப் போனது ஒரு குழல் மட்டும்தான்னு நெனச்சுக்காதீங்க."

யாழினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் எழுதுகோல் இருந்தது, எழுதவில்லை.

"நான் அதுக்கப்புறம் காக்கியில வந்தேன்" என்றாள் கலா.

வந்திருக்கிறாள். தனிப்படையிலிருந்து விலகியதும், தன் ஸ்டேஷன் அதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஊர் ஊராக மலையேறிப் போய், "துப்பாக்கிய ராவோட ராவா மாரியம்மன் கோயில் முன்னால வெச்சிடுங்க, யார் வெச்சதுன்னு கேக்க மாட்டோம், கேசு கெடையாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். காலையில் கோயில் வாசலில் விறகு அடுக்கியதுபோலக் குழல்கள். இதை என்னிடம் அவள் சொன்னதே இல்லை. பொறி வைத்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னவள், இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"தெரியும்" என்றான் சடையன். "எங்க பரண்ல இன்னொண்ணு இருந்துச்சு. அத எடுத்துட்டுப் போயி அம்மன் முன்னால வெச்சது எங்கம்மாதான். 'அவதான் வந்திருக்கா, ஆனா இன்னிக்கு சொந்த மூஞ்சியோட வந்திருக்கா'ன்னு சொல்லிட்டு வெச்சுதாம்."

கலா அழமாட்டாள் என்று எனக்குத் தெரியும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போலீஸ் குரலில் கேட்டாள்: "கீழ ஒரு புரோக்கர் இருக்கானே, கைத்துப்பாக்கி விக்கிறவன். அவன்கிட்டயும் மூஞ்சியோட போகச் சொல்றியா?"

சடையன் முதல்முறையாகச் சிரித்தான். "அந்த நாயா? உலைக்குப் பக்கத்துல காரை நிறுத்திக்கிட்டு, நீ செய், நான் விக்கிறேன்னு எங்கப்பன் மனச கெடுத்தவனே அவன்தான். எங்க வூட்டுல பச்சத்தண்ணி குடிச்சதில்ல யக்கா அவன். டீயக்கூட பிளாஸ்க்குல கொண்டாருவான். அவன் கோயில் வாசல்ல எதையும் கொண்டாந்து வெக்கமாட்டான். அவன்கிட்ட என்ன வேஷம் வேணா போடுங்க."

மேடம் எங்கே யக்கா ஆனாள் என்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அவன் கிளம்பினான். இலை அப்படியே இருந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது வசந்தியைப் பார்க்காமல், "கேம்புக்குக் கட்டிக் குடுங்கக்கா. ரூம்ல பசங்க தின்னுவாங்க" என்றான். அவன் தின்பானா என்று அவளும் கேட்கவில்லை. இரண்டு டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள்.

அவன் போனதும் யாழினி அத்தையின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். "ஐ திங்க் ஐ லாஸ்ட் மை டிபேட்" என்றாள்.

"தோக்கலடி. ரெண்டு பக்கமும் நீயே பேசு" என்றாள் கலா.

6

என்னிடம் யாராவது கேட்டால், பொறி வைப்பது பயனுள்ளதுதான் என்று சொல்வேன். துப்பாக்கியைச் சரக்காகப் பார்ப்பவனுக்குப் பொறிதான் பாஷை. அவனிடம் உண்மை பேசுவது, திருடனிடம் சாவி எங்கே என்று சொல்வதுதான். ஆனால் பயத்தாலோ பழக்கத்தாலோ துப்பாக்கியைப் பரணில் வைத்திருக்கும் ஒரு ஊரையே பொறியால் திருத்த முடியாது. அந்த ஊருக்கு ஒரு முகம் வேண்டும். திரும்பவும் பார்க்கக்கூடிய முகம். இந்த இரண்டையும் ஒரே பெண் செய்தாள், அவள் என் தங்கை. நான் கடலுக்கு இந்தப் பக்கம் ஆணியும் திருகும் விற்றுக்கொண்டிருந்த நாட்களில், அவள் மலையேறிப் போய் வெறுங்கையோடு ஊரின் முன்னால் நின்று பேசியிருக்கிறாள். எனக்கு அந்தத் தைரியம் எந்தப் பிறவியிலும் வராது. பரவாயில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு கலா போதும்.

விமான நிலையத்துக்கு நானும் யாழினியும்தான் போனோம். வழியெல்லாம் இருவரும் பின் சீட்டில் கிசுகிசுத்துக்கொண்டே வந்தார்கள், தமிழில். பெட்டியை எடை போட்டு அனுப்பிவிட்டு வந்தவள் கையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாளும் நான் கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

"டி.எஸ்.பி.கிட்ட என்னம்மா சொல்லப் போற?"

"காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டேன். புரோக்கர் கேஸ்ல நான் போறேன்னு."

யாழினி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். பின்னால் நின்ற ஒரு குடும்பம் "ஜல்தி, பஹன்ஜி" என்று அவசரப்படுத்தியது. கலா இரண்டு அடி நகர்ந்து, அப்புறம் திரும்பினாள்.

"ஒண்ணு மட்டும் கண்டிசனா சொல்லிட்டேன் அண்ணே. என்ன வேஷம் வேணா போடுறேன், எங்க வேணா போறேன். எவன் வீட்டுலயும் கை மட்டும் நனைக்க மாட்டேன்."